நாடாவுக்கு அடியில் நூல்

பெனின்சுலா இரண்டாம் மாடியில்
சியா கண்ணாடி அலமாரியைத் திறந்து
இரண்டு லென்ஸ்களை எடுத்து வைத்தார்.
ஒன்று வெள்ளை. கைக்குழந்தை எடை.
எழுபதிலிருந்து இருநூறு, இரண்டு புள்ளி எட்டு.
வாடகை நாளுக்கு அறுபது வெள்ளி.
முன்பணத்தைச் சொன்னதும்
நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.
மற்றது கறுப்பு, உள்ளங்கையில் அடங்கும்,
எண்பத்தைந்து, ஒன்று புள்ளி எட்டு.
முன்பு வைத்திருந்தவர் விளிம்பில்
ஒரு கீறல் விட்டுப் போயிருக்கிறார்.
இருநூற்று எழுபது, சொந்தமாகவே.

எண் சிறுத்தால் துளை பெருக்கும்,
துளை பெருத்தால் விலை பெருக்கும்.
பதினோரு வருடம் கணக்கெழுதியும்
இந்தக் கணக்கு மட்டும் எனக்குத் தலைகீழ்.

"என்ன ஆட்டம்?"
கோல்பால் என்றேன்.
"ஃபுட்பாலா?"
இல்லை, பார்வையற்றோர் ஆடுவது.
பந்துக்குள் மணி இருக்கும்.
கொஞ்சம் தெரிகிறவருக்கும் ஒன்றும் தெரியாதவருக்கும்
கண்ணில் ஒரே கறுப்புக் கவசம்.
சியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அப்போ ஃபிளாஷ் போடலாமே லா,
யாருக்குக் கூசப்போகுது?"
நடுவருக்குக் கண் இருக்கிறதே என்றேன்.
கறுப்பை வாங்கிக்கொண்டேன்.

அன்றிரவு படுக்கையில் கிடந்தபடி
மின்விசிறியின் இறக்கையை
நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு நிறுத்திப் பழகினேன்.
ஐஎஸ்ஓ ஆறாயிரத்து நானூறு.
இறக்கை நின்றது,
சுவரெல்லாம் ரவை கொட்டியிருந்தது.

சனிக்கிழமை, தோ பாயோ.
மோர் நிற விளக்குகள்.
"அமைதி" என்றார் நடுவர்.
நூற்றைம்பது பேர் வாய் மூடியதில்
குளிர்சாதனம் மூச்சுவிடுவது கேட்டது.
ஒன்றேகால் கிலோ பந்து
மணியடித்துக்கொண்டே உருண்டு வர,
என் பழைய லென்ஸ் அதைத் தேடிக்கொண்டு
கிர்ர் என்றது.
ஹஸ்லிண்டா தலையைத் திருப்பினாள்.
பந்தின் பக்கம் அல்ல,
நேராக என் பக்கம்.

நடுவர் கை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினார்.
வாரம் முழுக்க வெளிச்சத்துக்கே விலை பேசியிருந்தேன்.
வெள்ளை லென்ஸ் முனகாது என்று
சியா சொன்னார்தான்,
என் காதில்தான் விழவில்லை.

ஓசையில்லா ஷட்டருக்கு மாற்றினேன்.
விளக்கின் நடுக்கம் படத்தில் இறங்கி
ஆட்டக்காரர்கள் வரிக்குதிரை ஆனார்கள்.
மறுபடி பழைய ஷட்டர்.

இடைவேளையில் மண்டியிட்டு
கோல் பக்கத்துக் கோட்டைத் தொட்டுப் பார்த்தேன்.
நாடாவுக்கு அடியில் நூல் ஓடுகிறது.
புறங்கை நரம்புபோல் கொஞ்சம் எழும்பி நிற்கிறது.
அதைத் தடவித்தான் தங்கள் இடம் அறிகிறார்கள்.
தானியங்கியை அணைத்து
வளையத்தைக் கையால் திருகி
அந்த நூலில் ஃபோகஸை வைத்தேன்.
வைத்ததோடு சரி.

பிறகு காத்திருப்பு.
கோல் விழும்போது மட்டும்
மண்டபத்துக்குக் கத்த அனுமதி.
கத்தும்போது மட்டும் எனக்கும் அனுமதி.
ஆகவே என்னிடம்
வீசிய படம் இல்லை, பாய்ந்து தடுத்த படம் இல்லை.
எல்லாம் முடிந்த பிறகான படங்கள்:
தரையில் நீளப் படுத்து எழாத ஒருத்தி,
அடுத்தவள் தோள் எங்கே என்று துழாவும் கை,
கவசம் நழுவியதோ எனப் பதறித் தொடும் விரல்.
ஒன்று புள்ளி எட்டில் தெளிவு
ஒரு சாண் இருந்தால் அதிகம்.
அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் மோர்.

முடிந்ததும் ஹஸ்லிண்டா மைலோ டப்பாவோடு வந்தாள்.
"அந்தக் கிர்ர் நீதானே?"
மன்னிப்புக் கேட்டேன்.
"மூன்றாவது கோலுக்கு முன்னால்
உன் முட்டி சொடுக்கியது, அதுவும் கேட்டது."
கொஞ்சம் உறிஞ்சிவிட்டு,
"நான் எப்படி வந்திருக்கிறேன்?"

முகம் மங்கல் என்றேன்.
கோட்டைத் தேடுகிற கை மட்டும் தெளிவு,
நகத்தில் சிக்கிய நாடாப் பிசிறு வரைக்கும்.

"எந்தக் கை?"
இடது.
"அட," என்றாள்,
"அதுதான் பந்தை விட்ட கை."